சிறுத்தைப் பல்லிகளை ஜோடியாக விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வளர்ப்பாளர்களே, விற்பனையாளர்களே,

லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லியை முதன்முறையாக இனப்பெருக்கம் செய்து பார்க்கும் ஆசையோடு ஒருவர் உங்களிடம் வருகிறார். அவரிடம் ஏற்கெனவே ஒரு பெண் பல்லி இருக்கிறது, அதற்கு ஓர் ஆண் வேண்டும் என்கிறார். அல்லது இரண்டையும் சேர்த்தே வாங்க வந்திருக்கிறார். நீங்கள் அவருக்குச் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "ரொம்ப எளிது, சேர்த்துவிட்டால் போதும்." அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அது பொய் அல்ல என்பதுதான் சிக்கல். சேர்த்துவிடுவது உண்மையிலேயே எளிது. ஆண் தன் வால்நுனியை அதிரவைக்கும், பெண்ணின் கழுத்துத் தோலைக் கவ்விப் பிடிக்கும், சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பவை பெண்ணின் உடலுக்குள்ளும் வாங்கியவரின் வீட்டிலும் நடக்கின்றன. அவற்றைப் பார்க்க நீங்கள் அங்கே இருக்கப்போவதில்லை. ஆகவே, பணத்தை வாங்குவதற்கு முன்பே பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள் என்று கேட்கிறேன்.

முதலில் அவருடைய பெண் பல்லியின் எடையைக் கேளுங்கள். வயது ஒன்றைத் தாண்டியிருக்க வேண்டும், எடை ஏறத்தாழ 50 கிராம் இருக்க வேண்டும் என்பது பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவு. ஒன்றரை வயது வரை பொறுத்திருப்பவர்களும் உண்டு. இந்தப் பல்லியோ அதற்கு வெகு முன்பே, உடல் வளர்ந்து முடியாத நிலையிலேயே, கருவுறக்கூடியது. 35 கிராம் எடையுள்ள இளம்பெண்ணும் ஆணை ஏற்றுக்கொள்ளும், முட்டையும் இடும். தன் வளர்ச்சிக்கு வேண்டியதையெல்லாம் முட்டைக்குக் கொடுத்துவிட்டு மெலிந்துபோகும். அது முட்டையிட்டதை வைத்து அது தயாராக இருந்தது என்று முடிவுகட்டுவது நம் துறையின் பழைய சோம்பேறித்தனங்களில் ஒன்று.

வாங்க வந்தவர், "ஒரே ஒருமுறை சேர்த்துப் பார்க்கிறேன்" என்பார். பெண்ணைப் பொறுத்தவரை அப்படி ஒன்று இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆணின் விந்தணுவை அது உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை இணைந்தபின் ஆணைப் பிரித்துவிட்டாலும், அந்தப் பருவம் முழுவதும் சில வார இடைவெளியில் இரண்டிரண்டாகக் கருவுற்ற முட்டைகள் வந்துகொண்டே இருக்கலாம். ஐந்தாறு ஈடு, அதாவது ஐந்தாறு முறை முட்டையிடுவது, சாதாரணம், அதற்கு மேலும் போகும். இடையில் நிறுத்தச் சொல்லி அதனிடம் கேட்க முடியாது.

ஒவ்வொரு ஈட்டுக்கும் கால்சியம் வேண்டும். உணவில் கிடைக்காததை உடல் எலும்பிலிருந்து எடுக்கும். தாடை மென்மையாகி, கால்கள் வளைந்து, நடக்கும்போது உடல் நடுங்கும் பல்லியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பூச்சிகளின் மேல் கால்சியப் பொடி தூவ வேண்டும், டி3 வைட்டமின் அளவோடு சேர வேண்டும், கூண்டுக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் டி3 கலக்காத கால்சியம் எப்போதும் இருக்க வேண்டும் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. ஈரப்பாசி நிரப்பிய முட்டைப் பெட்டி இல்லாவிட்டால், இடம் பிடிக்காத பெண் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். முட்டை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் வேண்டும். அப்படி ஒருவரை அவர் அறிவாரா என்று கேட்டீர்களா?

"பெண் தனியாக இருந்தால் ஏங்கிப்போகும்" என்று சொல்லி ஆணை விற்பவர்களை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். ஏங்காது. தனியாக வைத்தால் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழக்கூடிய விலங்கு இது. ஆண் இல்லாமலேயே சில பெண்கள் கருவுறாத முட்டைகளை இடுவதும் உண்டு, அதைக் காட்டி "பார், துணை கேட்கிறது" என்பது இன்னும் மோசம். ஆணை நிரந்தரமாக அதே கூண்டில் விட்டால், அது ஓயாமல் துரத்துவதில் பெண் உணவையே விட்டுவிடக்கூடும். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடைகாக்கும் கருவியைப் பற்றி மட்டும் நீங்கள் தாராளமாகப் பேசுகிறீர்கள், அதுவும் விற்பனைக்கு இருக்கிறது என்பதாலோ என்னவோ. ஈரம் தாங்கும் கனிமத் துகள்களான வெர்மிகுலைட்டையோ பெர்லைட்டையோ ஈரப்படுத்தி அதில் முட்டையைப் பாதி புதைத்து வைப்பது, மேற்புறத்தில் பென்சிலால் அடையாளமிட்டுக் கடைசிவரை புரட்டாமல் இருப்பது, ஒரு வாரம் கழித்து விளக்கொளியில் பிடித்து இளஞ்சிவப்பாக ரத்தநாளம் தெரிகிறதா என்று பார்ப்பது, இவையெல்லாம் வாங்குபவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது. வெப்பநிலைதான் பாலினத்தைத் தீர்மானிக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது: 26 பாகை செல்சியஸை ஒட்டி வைத்தால் ஏறத்தாழ எல்லாமே பெண், 32 பாகையைத் தாண்டியதும் பெரும்பாலும் ஆண். ஆனால் அந்த ஏற்றம் அப்படியே தொடர்வதில்லை. 34 பாகைக்கு மேல் மறுபடியும் பெண்களே அதிகம் வரும், அவை மூர்க்கமாகவும் இனப்பெருக்கத்துக்கு உதவாதவையாகவும் இருப்பதுண்டு. தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பத்தட்டில் முட்டைகளை வைத்துவிட்டு "எல்லாம் பெண் குஞ்சுகள்" என்று முன்பதிவு வாங்குவது நேர்மையான வியாபாரம் ஆகாது.

அடுத்து, குஞ்சுகளின் கணக்கு. ஆறு ஈடு என்றால் பன்னிரண்டு முட்டை. பாதி வீணானாலும் ஆறு குஞ்சு. பிறக்கும்போது மூன்று கிராம் அளவே இருக்கும், கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்டிருக்கும், பயந்தால் வாயைப் பிளந்து கீச்சிடும். பிறந்த ஓரிரு நாளில் முதல் தோலை உரித்து, அடுத்த சில நாள்களில் சின்னஞ்சிறு பூச்சிகளைத் தின்னத் தொடங்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கூட்டமாக வளர்க்க முடியாது. பெரியது சின்னதன் வாலையும் விரலையும் கடிக்கும், உணவையும் விடாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனி மறைவிடம், தனி வெப்பம், அன்றாடம் உயிருள்ள இரை. நல்ல பராமரிப்பில் 15 முதல் 20 ஆண்டு வாழக்கூடியவை இவை. இந்த வருடம் பிறக்கும் குஞ்சு, அதை வாங்கிக்கொடுக்கச் சொல்லி அடம்பிடிக்கும் பள்ளிச் சிறுவன் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் இருக்கும். வாங்க ஆள் இல்லாத குஞ்சுகளை என்ன செய்வார் என்று விற்பதற்கு முன்பே கேளுங்கள். பதில் இல்லை என்றால் இன்னொன்றையும் சொல்லுங்கள்: இட்ட முட்டையை அடைகாத்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இட்டவுடனேயே உறைபெட்டியில் வைத்து அப்புறப்படுத்துவதில் கொடுமை எதுவும் இல்லை. வேண்டாத குஞ்சைப் பசியோடு ஒரு மூலையில் வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். இதை வெளிப்படையாகச் சொல்ல நம்மில் பலர் கூச்சப்படுகிறோம்.

என்னை மிகவும் கோபப்படுத்துவது மரபு பற்றிய மௌனம். நிறத்தைக் காட்டி விற்கிறீர்கள், நிறத்தோடு வருவதைச் சொல்வதில்லை. எனிக்மா என்ற வகையின் புள்ளிகள் கண்ணைப் பறிக்கும். அதே மரபணுவோடு நரம்புக் கோளாறும் வருகிறது. தலையைச் சாய்த்து, ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி வந்து, இரையைக் குறி தவறிக் கொத்தும் பல்லியை "கொஞ்சம் விளையாட்டுத்தனம்" என்று விற்பதை என்னவென்று சொல்வது? லெமன் ஃபிராஸ்ட் வகை இன்னும் தெளிவான வழக்கு. அந்தப் பளிச்சென்ற மஞ்சளும் வெண்மையும் தோலின் ஒளி எதிரொளிக்கும் நிறமிச் செல்கள் மிதமிஞ்சிப் பெருகுவதால் வருபவை. அதே செல்கள் கட்டிகளாகின்றன. 2021-இல் பிளாஸ் ஜெனடிக்ஸ் ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு, அந்த நிறத்தையும் புற்றுக்கட்டியையும் ஸ்பின்ட்1 மரபணு இருக்கும் பகுதியோடு இணைத்துக் காட்டியது. அதாவது நிறத்தை வைத்துக்கொண்டு நோயை மட்டும் கழித்துவிடும் வழி இல்லை. இந்த வகையில் ஒரு பல்லியைச் சாதாரணப் பல்லியோடு சேர்த்தால் குஞ்சுகளில் சராசரியாகப் பாதி அந்த மரபணுவைச் சுமக்கும். முதன்முறை வளர்ப்பவருக்கு இதை விற்பவரை நான் வளர்ப்பாளர் என்று அழைக்க மாட்டேன்.

இதைவிடச் சிறிய, ஆனால் அன்றாடம் நடக்கும் குழப்பம் கருநிறமி குறைந்த அல்பினோக்களில். டிரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என மூன்று தனித்தனி மரபுவழிகள் இருக்கின்றன, ஒன்றோடொன்று பொருந்தாதவை. டிரெம்பர் அல்பினோவையும் பெல் அல்பினோவையும் சேர்த்தால் அல்பினோ குஞ்சு வராது. சாதாரணமாகத் தெரிந்து, இரண்டு வழிகளையும் உள்ளுக்குள் மறைத்து வைத்திருக்கும் குஞ்சு வரும். அதை எவராவது "சாதாரணம்" என்று விற்பார், இரண்டு தலைமுறை கழித்து யாருக்கும் எதுவும் தெரியாது. "அல்பினோ" என்று மட்டும் எழுதி ஒட்டுவதை நிறுத்துங்கள்.

புதிய ஆணை வாங்கிய அன்றே பெண்ணோடு விடக் கூடாது என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி தொற்றினால் வால் குச்சிபோல் மெலிந்து பல்லி உருக்குலையும், உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, வழக்கமான கிருமிநாசினிகளுக்கும் அது எளிதில் அடங்காது. இரண்டு மூன்று மாதம் தனியறையில், தனிப் பாத்திரங்களோடு வைத்து மலப் பரிசோதனை செய்யட்டும். உங்கள் கூட்டத்தைப் பரிசோதித்திருந்தால் முடிவைக் காட்டுங்கள்; பரிசோதிக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. ஆணை விற்கும்போது ஒரு தாளில் அதன் பெற்றோர் யார், எந்தெந்த மரபணு உறுதியாக இருக்கிறது, எது சந்தேகம், எப்போது பிறந்தது என்று எழுதிக் கொடுங்கள். வாங்குபவரின் பெண் பல்லியின் வயதையும் எடையையும் கேட்டு அதே தாளில் குறியுங்கள். எடை போதாது என்றால் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆணை உங்களிடமே வைத்திருங்கள், அடுத்த பருவத்தில் வந்து எடுத்துக்கொள்ளட்டும். விற்க முடியாத குஞ்சுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக நீங்களே முன்வந்து சொல்லுங்கள். அப்படிச் சொல்ல மனம் வராவிட்டால், அந்தக் குஞ்சுகளுக்குச் சந்தை இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது என்று பொருள்.

இப்படியெல்லாம் கேட்டால் அவர் பக்கத்தில் வேறொருவரிடம் போய் வாங்கிக்கொள்வார் என்பீர்கள். சிலர் போவார்கள்தான். அந்த வேறொருவரும் இந்த மடலைப் படிப்பவராக இருக்கட்டும் என்றுதான் இதை உங்களில் ஒருவருக்கு மட்டும் எழுதாமல் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சிறுத்தைப் பல்லிகளை வளர்த்துவரும் ஒருவர்