கிளட்ச் டிரெயிலியரைத் திறந்துகூடப் பார்க்காமல் வாரன்டியை மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் கோயம்புத்தூர்க் கிளையின் வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்

நாள்: 18.08.2025

பொருள்: மவுன்டன் பைக்கின் பின் டிரெயிலியர் கிளட்ச் பழுது, தவறான சர்வீஸ், வாரன்டி மறுப்பு

ஐயா / அம்மா,

வணக்கம். 12.10.2024 அன்று உங்கள் கோவை ஷோரூமில் 94,000 ரூபாய் கொடுத்து ஒரு மவுன்டன் பைக் (மலைப்பாதை சைக்கிள்) வாங்கினேன். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 12 கியர். ஒரு வருட வாரன்டி முடிய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. கிளையில் நான்கு முறை நேரில் பேசியும் வேலை ஆகாததால்தான் தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.

இந்த வண்டியை நான் தேர்ந்தெடுக்கக் காரணமே அதில் கிளட்ச் டிரெயிலியர் இருந்ததுதான். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்திக் கியர் மாற்றும் பாகம்தான் டிரெயிலியர்; செயின் ஓடும் அதன் கீழ்ப்பகுதியைக் கூண்டு என்பார்கள். விடுமுறை நாட்களில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் ஓட்டுகிறேன். கல்லும் வேருமாகக் கிடக்கும் இறக்கம். முன்பு வைத்திருந்த வண்டியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் டிரெயிலியரின் கூண்டு முன்னால் ஆடி, செயின் தொளதொளவென்று தொங்கி சட்டத்தில் அடிக்கும். கிளட்ச் இருந்தால் அந்தக் கூண்டு சுழலும் இடத்தில் ஒரு பிடிமானம் கிடைக்கிறது. தொங்கும் செயினை இழுத்துக்கொள்ளக் கூண்டு பின்னால் போவதை அது தடுக்காது. குலுக்கலில் முன்னால் வர முயன்றால் மட்டும் இறுக்கிப் பிடிக்கும். முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள வண்டிக்கு இது மிக முக்கியம். செயின் நழுவாமல் அணைத்து நிற்க முன் டிரெயிலியரும் அங்கே இல்லையே. ஒரு பல் தடிப்பும் அடுத்தது மெலிவுமாக வெட்டிய பல்சக்கரமும் இந்தக் கிளட்சும் சேர்ந்துதான் செயினைக் காப்பாற்ற வேண்டும்.

முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. வண்டி அவ்வளவு அமைதியாக இறங்கியது.

19.04.2025 அன்று இரண்டாவது இலவச சர்வீஸுக்கு விட்டேன். திரும்ப வாங்கும்போது, "கியர் கனமா இருந்துச்சுங்க அக்கா, இப்ப லேசா பண்ணிட்டேன்" என்றார் மெக்கானிக் தம்பி. மாற்றிப் பார்த்தேன், லேசாகத்தான் இருந்தது. சந்தோஷமாக வந்துவிட்டேன். அவர் செய்தது என்னவென்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. டிரெயிலியர் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லீவரைக் கீழே தள்ளி, கிளட்சை அணைத்திருக்கிறார். பஞ்சருக்காகப் பின் சக்கரத்தைக் கழற்றும்போது சௌகரியத்துக்கு அணைக்க வேண்டிய லீவர் அது. மாட்டியதும் மேலே தூக்கிவிட வேண்டும். கிளட்ச் இருந்தால் கியர் மாற்றும்போது விரலில் கொஞ்சம் கனம் தெரியத்தான் செய்யும். அது பழுது அல்ல. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

25.05.2025, ஞாயிற்றுக்கிழமை. நீண்ட இறக்கம் முடிந்து ஒரு சின்ன மேடு வரும். அதில் ஏற எழுந்து நின்று பெடலை மிதித்தேன். பெடல் காற்றை மிதித்ததுபோல் அப்படியே கீழே போய்விட்டது. செயின் எப்போதோ கழன்று உள்பக்கம் விழுந்திருந்தது. வலது முழங்கால் பாறையில் மோதி நான்கு தையல். செயின் போகும் சட்டத்தின் மேல் பெயின்ட் கோழி கொத்தியதுபோல் குழிகுழியாக உதிர்ந்திருந்தது. வாங்கியபோது ஒட்டியிருந்த ரப்பர் பாதி கிழிந்து தொங்கியது. போட்டோக்கள் இணைத்திருக்கிறேன்.

சரி, லீவரை மேலே தூக்கிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தீரவில்லை. லீவர் மேலே இருக்கும்போதும் கூண்டை ஒற்றை விரலால் முன்னால் தள்ள முடிகிறது. இதே மாதிரி டிரெயிலியர் உள்ள நண்பர் வண்டியில் தள்ளிப் பார்த்தேன், உள்ளங்கை வைத்து அழுத்தினால்தான் நகர்கிறது. உள்ளே பிடிமானம் குறைந்துவிட்டது என்பது தெளிவு. மூடியைத் திறந்து, சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, இறுக்கத்தைச் சரிசெய்யலாம் என்று தயாரிப்பாளரின் கையேட்டிலேயே இருக்கிறது. வாரன்டி போய்விடுமே என்று நான் கை வைக்கவில்லை. டிரெயிலியரைச் செய்த கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பராமரிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

உங்கள் கிளை என்ன செய்தது? ஜூன் மாதம் செயின் நீளம் அதிகம் என்று சொல்லி நான்கு கண்ணியை வெட்டி 650 ரூபாய் வாங்கினார்கள். இப்போது 51 பல் உள்ள பெரிய கியருக்குப் போனால் கூண்டு முழுக்க முன்னால் இழுபட்டு விறைத்து நிற்கிறது. ஒருநாள் டிரெயிலியரே முறிந்துவிடுமோ என்ற பயத்தில் அந்தக் கியரையே தொடுவதில்லை. ஜூலையில், முன் பல்சக்கரத்தை மாற்றுங்கள், 3,800 ரூபாய் ஆகும் என்றார்கள். 02.08.2025 அன்று, "கிளட்சைத் திறந்து பார்த்துட்டோம், தேய்மானம், வாரன்டி வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திறந்து பார்க்கவில்லை. கிளட்ச் மூடியில் மூன்று சின்னத் திருகுகள். அவற்றின் தலைக்குழியில் கோத்தகிரிச் செம்மண் காய்ந்து அடைத்திருந்ததை வண்டியை விடும் முன் போட்டோ எடுத்தேன். திரும்ப வந்தபோதும் அதே மண், மூன்றிலும், ஒரு துகள் உதிராமல். அந்த மண்ணை எடுக்காமல் எந்தச் சாவியும் உள்ளே போகாது. இரண்டு போட்டோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு அதிக வருத்தம் தந்தது இதுதான். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இந்தக் கிளட்ச் புதுச் சரக்கும் அல்ல. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ கம்பெனி 2011-ல் தன் விலை உயர்ந்த எக்ஸ்.டி.ஆர் வரிசையில் கொண்டு வந்தது, அடுத்த வருடமே போட்டிக் கம்பெனி ஸ்ராம் கொண்டு வந்தது. அன்று விலை உயர்ந்த வண்டிகளில் மட்டும் இருந்தது, இன்று நடுத்தர விலை வண்டிகளிலும் வருகிறது. நீங்களே ஷோரூமில் அதைச் சொல்லித்தான் விற்கிறீர்கள். அப்படியானால் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒருவராவது சர்வீஸ் சென்டரில் இருக்க வேண்டாமா? அந்தத் தம்பி மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். சொல்லிக் கொடுங்கள்.

நான் கேட்பது: என் முன்னால் கிளட்ச் மூடியைத் திறந்து சரிசெய்ய வேண்டும், பாகம் கெட்டிருந்தால் வாரன்டியில் மாற்ற வேண்டும். சரியான நீளத்தில் புதுச் செயின் போட்டு, 650 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அப்புறம், இதே மாடல் வாங்கிய மற்றவர்களையும் கூப்பிட்டு அவர்கள் லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். என் முழங்காலோடு போகட்டும். அந்தப் பாதையில் பள்ளிப் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இணைப்பு: வாங்கிய ரசீது, மூன்று சர்வீஸ் பில்கள், மருத்துவமனைச் சீட்டு, போட்டோக்கள் 7, வெட்டி எடுத்த நான்கு செயின் கண்ணிகள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்