முதல் மிரட்டல் வந்த அன்றே துறைமுகத் தொழிலாளி யாரிடம் போவார்?

ஐரோப்பியத் துறைமுகக் கூட்டணியில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். போதைப்பொருள் கடத்தலைத் தடுக்க, 2024 ஜனவரியில் பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் துறைமுகத்தில் கூடி இந்தக் கூட்டணியைத் தொடங்கினீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு அந்த ஒரு துறைமுகத்தில் மட்டும் 116 டன் கொக்கைன் பிடிபட்டிருந்தது. 2024இல் அது 44 டன்னாக இறங்கியது. பிடிபட்டது குறைந்தது, சரி. வந்து இறங்கியதும் குறைந்ததா? மூட்டைகளை நடுக்கடலில் போட்டுவிட்டுச் சிறு படகில் வந்து அள்ளிப்போவது உங்கள் அதிகாரிகளுக்குத் தெரியாத சங்கதி அல்லவே.

அல்பேனியக் கும்பல், இத்தாலியின் கலாப்ரியா பகுதி மாஃபியாவான என்ட்ராங்கெட்டா என்று வெளியாட்களின் பெயர்கள்தான் எப்போதும் அடிபடுகின்றன. ஈக்வடாரின் குவாயாகில் துறைமுகத்தில் வாழைப்பழத்தோடு சேர்த்து ஏற்றுவது யாராகவும் இருக்கட்டும். இந்தப் பக்கம் கதவு திறப்பது உள்ளூர்க் கைதான். ஒரு கன்டெய்னரை எடுத்துப்போக வெறும் ரகசிய எண் போதும் என்றிருந்த காலத்தில், கும்பல்கள் அந்த எண்ணைத்தான் விலைக்கு வாங்கின. சரக்கின் உண்மையான உரிமையாளர் லாரி அனுப்பும்போது பெட்டி அங்கே இருக்காது. அன்ட்வெர்ப் அந்த எண்ணையே ஒழித்தது, நல்ல வேலை. ஆனால் எண் போனால் என்ன, கணினி முன் உட்காருகிறவரும் கிரேன் ஓட்டுகிறவரும் அங்கேதானே இருக்கிறார்கள்?

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் கொக்கைனை வெளியே எடுக்க விடலைப் பையன்களை அனுப்புகிறார்கள். நாள்கணக்கில் கன்டெய்னருக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கிறார்கள். 2021 செப்டம்பரில் ஒன்பது பேர் அப்படி உள்ளே மாட்டிக்கொண்டு, மூச்சு முட்டி, தாங்களே அவசர உதவியை அழைத்தார்கள். மறு ஆண்டு முதல் அத்துமீறி நுழைந்தாலே சிறை என்று சட்டம் வந்தது. அகப்படுவது அந்தப் பையன்தான். அவனை அனுப்பியவன் துபாயில் உட்கார்ந்திருக்கலாம். நெதர்லாந்துப் போதைக் கும்பல் தலைவன் ரிதுவான் டாகி 2019இல் அங்கேதான் பிடிபட்டார்.

ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பியத் துறைமுகங்களில் ஆண்டுக்குச் சுமார் 9 கோடி கன்டெய்னர்கள் கையாளப்படுகின்றன. சோதிக்க முடிவது நூற்றுக்கு இரண்டு முதல் பத்து வரைதான் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல். மிச்சமெல்லாம் வேலை செய்கிறவரின் நாணயத்தை நம்பித்தான் போகிறது. அவரிடம் முதலில் பணத்தை நீட்டுகிறார்கள். மறுத்தால் பிள்ளை படிக்கும் பள்ளியின் புகைப்படம் வருகிறது. அன்றே அவர் யாரிடம் போவார்? மேலாளரிடமா? மேலாளரும் விலைபோயிருந்தால்? போலீசிடம் போனால் நாளை முதல் அவரே சந்தேக ஆள்.

பெயர் வெளிவராமல் முறையிட ஓர் இடம், முறையிட்டவரைச் சம்பளக் குறைவில்லாமல் வேறு பணிக்கு மாற்றும் ஏற்பாடு, எந்தப் பெட்டியையும் ஒருவர் மட்டுமே விடுவிக்க முடியாத முறை. இவற்றை எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே மாதிரி கொண்டுவாருங்கள். அன்ட்வெர்ப்பில் மட்டும் பூட்டினால் அடுத்த துறைமுகத்துக்காரர் தலையில் விடியும்.

அடுத்த கூட்டத்துக்கு ஸ்கேனர் கம்பெனிகளை அழைக்கும் முன், இரவு ஷிப்டில் வேலை பார்க்கும் நாலு பேரை அழையுங்கள். பெயர் கேட்காமல்.

இப்படிக்கு,
துறைமுகச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கும் ஒருவர்