தீர்மானம் முதலில், கையெழுத்து பிறகு

ஐயா,

'ஓட்டுப் போட்டாச்சு, இனி தலைவர் பார்த்துக்குவார்' என்ற எண்ணமே கிராம சபையைக் கையெழுத்துக் கூட்டமாக்கிவிட்டது. ஆண்டுக்கு 6 நாள் மக்களே நேரில் முடிவெடுக்கும் சபை அது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தாலே கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) சேர்ந்துவிடும்.

பதிவேட்டில் முதலில் கையெழுத்து, எல்லோரும் கலைந்தபின் தீர்மானம் என்று நடப்பதுதான் கோளாறு. 'தெருவிளக்கு வேண்டும்' என்று வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். எந்தத் தெரு, எத்தனை கம்பம், எந்த நிதி என எழுதிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எண்ணிட்டு எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கடைசி வரிக்குக் கீழுள்ள வெற்றிடத்தைக் கோடிட்டு அடைக்கும்வரை கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்காதீர்கள்.

— ஊராட்சி ஆர்வலர்கள், திருவாரூர் மாவட்டம்