மழையில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "மார்கழி பிறக்கறதுக்குள்ள அட்வான்ஸ் போட்டுடணுமாம் அக்கா, இல்லன்னா வேற பார்ட்டி வந்துடுமாம்." முடிச்சூர் பக்கம், பன்னிரண்டு வருடப் பழைய பிளாட், கீழ்த்தளம், 68 லட்சம். அம்மாவின் முழங்கால் வலிக்குப் படி ஏற வேண்டாமே என்று கீழ்த்தளமாகவே தேடியிருக்கிறாய். அந்த மனசுக்கு நீ நன்றாக இருக்க வேண்டும். ஆனால் போனில் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. இந்தக் கார்த்திகைக் கடைசியில் உன்னைப் போல அவசரப்படுகிற குடும்பங்கள் நிறைய இருக்கும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கேயே எழுதுகிறேன்.

புரோக்கர் சொல்கிற அந்த "வேற பார்ட்டி" யார்? அவரும் நம்மைப் போல நாள் பார்க்கிறவராகத்தானே இருப்பார்? மார்கழியில் நம் ஊரில் பத்திரம் பதிகிறவர்கள் குறைவு, கிரகப்பிரவேசம் வைப்பவர்கள் இல்லவே இல்லை. தை பிறந்ததும் முகூர்த்த நாட்களில் கூட்டம் தாங்காமல் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. அப்படியென்றால் நடுவில் இருக்கிற இந்த ஒரு மாதம் உன்னுடையது. வீட்டை விற்கிறவருக்கும் தை வரை அவசரம் இல்லை. இந்த மாதத்தை வீணாக்காதே.

எங்கள் கதை உனக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு விஷயத்தை நான் சரியாகச் சொன்னதே இல்லை. வேளச்சேரி பிளாட்டை நாங்கள் 2013 வைகாசியில் பார்த்தோம். வெயில் கொளுத்திய மத்தியானம், தெருவில் புழுதி, உள்ளே காற்று நன்றாக வந்தது. அதைப் பார்த்தே மயங்கிவிட்டோம். 2015 டிசம்பரில் தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை தம்பி, பாத்ரூம் ஓட்டை வழியாகத்தான் மேலே வந்தது. அரை மணி நேரத்தில் கட்டில் உயரம். பீரோவின் கீழ்த்தட்டில்தான் கிரயப் பத்திரம் இருந்தது. மூன்றாம் நாள் அதை எடுத்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கொடியில் துணி கிளிப் போட்டு மாட்டினேன். சார் பதிவாளர் அலுவலக முத்திரையின் மை பரவி, என் கையெழுத்தின் மேல் நீலமாக இறங்கியிருந்தது. நான் அழுதது அப்போதுதான். பிரிட்ஜ் போனதற்கோ சோபா போனதற்கோ இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், வாங்கப் போகிற வீட்டை மழை பெய்கிறபோதே போய்ப் பார். சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. வீடு தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றை ஒட்டிய பகுதிகள். 2015-ல் அங்கே படகு விட்டுத்தான் ஆட்களை மீட்டார்கள். அதற்காக அந்தப் பக்கமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஊரில் ஒரு தெரு முழுகும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். எந்தத் தெரு என்று தெரிந்துகொண்டு வாங்கு.

தெரு முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போ. அக்கம்பக்கத்து வீடுகளின் வாசலைப் பார். நிலைப்படிக்கு முன்னால் ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசியிருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் ஒரு தடவையாவது தண்ணீரைப் பார்த்திருக்கிறார்கள். மோட்டாரை மேடை கட்டித் தூக்கி வைத்திருக்கிறார்களா, மீட்டர் பெட்டி வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கிறதா என்று கவனி. நீ பார்த்த பிளாட்டில் சுவரின் அடிப்பாகம் மட்டும் புதுப் பெயின்டாக இருந்தால் கையை வைத்துப் பார். உப்புப் பூத்த சுவர் பெயின்டுக்கு அடியிலேயே பொரபொரவென்று உதிரும். லாப்ட் எவ்வளவு, ஜன்னல் எத்தனை என்பதெல்லாம் அப்புறம்.

பிறகு அயர்ன் வண்டிக்காரரிடம் கேள். பால் போடுகிறவரிடம், மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கேள். "தண்ணீர் வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் வராது சார்" என்பார்கள். "2015-ல் எது வரைக்கும் வந்தது? 2023 மிக்ஜாம் புயலுக்கு எது வரைக்கும்?" என்று கேட்டுப் பார். யோசிக்காமல் தொடையிலோ இடுப்பிலோ கையை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்.

சரி, பணம். கையில் 15 லட்சம் இருக்கிறது, மிச்சத்தை பேங்க் கொடுக்கும் என்றாய். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். 68 லட்சத்துக்கு 54 லட்சத்து 40 ஆயிரம். மீதி 13 லட்சத்து 60 ஆயிரம் உன் கையிலிருந்து. அதோடு முடியவில்லை. கைமாறுகிற பழைய பிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக மொத்தம் 9 சதவீதம். அது 6 லட்சத்து 12 ஆயிரம். இதைச் சொத்து மதிப்பில் சேர்த்துக் கடன் தர மாட்டார்கள். கமிஷன், வக்கீல், பெயின்ட் எல்லாவற்றுக்கும் முன்பே கிட்டத்தட்ட 20 லட்சம் வந்துவிட்டது. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் ஒரு சதவீத டிடிஎஸ், அதாவது விற்பவருக்கான வருமான வரியை, அவருக்குக் கொடுக்கிற பணத்தில் பிடித்து அவர் பெயரில் நீதான் கட்ட வேண்டும். அது அவர் பணத்திலிருந்து போவது, ஆனால் கட்ட மறந்தால் நோட்டீஸ் உனக்குத்தான் வரும்.

குறைகிற ஐந்து லட்சத்துக்கு வட்டிக்கு வாங்காதே. அம்மாவின் வளையலைக் கேட்காதே, கேட்டால் உடனே கழற்றிக் கொடுத்துவிடுவாள். பேசி விலையைக் குறைக்கப் பார், இல்லையென்றால் சின்ன வீடாகப் பார். இன்னொன்று. 8.5 சதவீத வட்டி என்று வைத்தால் 20 வருடத்துக்கு மாதத் தவணை 47 ஆயிரத்தைச் சுற்றி வரும். இப்போது 17 ஆயிரம் வாடகை கொடுக்கிறாய். மிச்ச 30 ஆயிரத்தை இந்த மாதத்திலிருந்தே தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். வீட்டில் மூச்சு முட்டுகிறதா என்று தை மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

பத்திர விஷயத்தில் நம் வக்கீல் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. பேங்க் வக்கீல் பேங்குக்காகத்தான் பார்ப்பார். தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது முன்பு அந்தச் சொத்து கைமாறிய பழைய பத்திரத்திலிருந்து, வரிசையாகக் கேள். 30 வருட வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் என்னென்ன விற்பனை, அடமானம் பதிவாகியிருக்கிறது என்கிற பட்டியல்) போட்டுப் பார், பதிவுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை போடு. ஒரிஜினலைக் கண்ணால் பார்க்காமல் ஜெராக்ஸை நம்பாதே. விற்பவருக்கு அந்த வீடு அவர் அப்பா வழியில் வந்தது என்றாயே, அவருக்கு அக்கா தங்கைகள் இருக்கிறார்களா? உயில் எழுதாமல் அப்பா போயிருந்தால் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. அவர்கள் கையெழுத்து இல்லாமல் நீ வாங்கினால் நாளைக்கு கோர்ட்டுக்கு நடக்க வேண்டி வரும். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கு. அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கடன் கிடைக்காவிட்டாலோ பத்திரத்தில் குறை இருந்தாலோ முழுப் பணமும் திரும்ப வரும் என்று அக்ரிமென்டில் எழுதச் சொல். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு.

சனிக்கிழமை நல்ல மழை இருக்கும் என்கிறார்கள். காலை எட்டு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் மேற்குப் பக்கம் வந்து நில், நானும் வருகிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வா, ஷூ வேண்டாம். பாத்ரூம் ஓட்டைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அயர்ன் வண்டிக்காரரிடம் பேசு. அதுவரை புரோக்கர் போன் செய்தால், அக்கா வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அக்கா