தடைக்கால ஆய்வில் படகின் சுவிட்ச் போர்டையும் சேர்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகுகளுக்குப் பலகை மாற்றுவது, வர்ணம் பூசுவது, இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவது என்று மராமத்து வேலைகள் மும்முரமாக நடக்கின்றன. இதற்கெல்லாம் கடன் வாங்கியாவது செலவு செய்யும் உரிமையாளர்களில் பலர், வீல்ஹவுஸ் எனும் சுக்கான் அறையின் சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பாம்பனில் இருபது ஆண்டுகளாகப் படகுகளுக்கு வயரிங் செய்து வருபவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வாடைக்காற்று தொடங்கிய கார்த்திகை மாதத்தில், பாக் நீரிணையில் கடலில் போட்ட வலையை இழுத்து ஏற்றுவதற்காக இயந்திரத்தை நிறுத்திய ஒரு படகு மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. நீரோட்டம் எல்லைக்கோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, அருகில் தொழில் செய்த இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது. பேட்டரிதான் போய்விட்டது என்று முடிவு செய்து புதிய பேட்டரி வாங்கி மாட்டினார்கள். அதன் பிறகும் செல்ஃப் எடுக்கவில்லை. என்னை அழைத்தபோது, ஸ்டார்ட்டர் சுவிட்சின் பின்மூடியைத் திருகினேன். திருகாணியின் தலை துருப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே பித்தளை முனை முழுவதும் பச்சைக் களிம்பு ஈரத்தோடு அப்பியிருந்தது. வயரின் உறையை இரண்டு அங்குலம் உரித்தும் செம்பு கறுத்தே இருந்தது, நான்காவது அங்குலத்தில்தான் அதன் சொந்த நிறம் தெரிந்தது. நூறு, இருநூறு ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய பழுதுக்காக ஆறு பேரின் உயிர் ஓர் இரவு முழுவதும் ஊசலாடியது என்பதை நான் இன்றும் மறக்கவில்லை.

நம் கடைகளில் படகுக்கென்று கேட்டாலும் பெரும்பாலும் வீட்டுச் சுவிட்சையே எடுத்துக் கொடுக்கிறார்கள். வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம் என்பதால் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. சுவிட்சை அணைக்கும்போது எழும் தீப்பொறி அங்கே தானாக அணைந்துவிடும். பேட்டரியின் நேர்திசை மின்சாரத்தில் அந்த இடைவெளி இல்லாததால் பொறி நீண்டு எரிந்து முனைகளைத் தின்கிறது. இதைவிடப் பெரிய கேடு உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். நம் கடற்கரையில் அநேகமாக ஒவ்வோர் இரவும் அந்த ஈரம் இருக்கிறது. அந்தக் கரைசல் வழியாகச் சுவிட்சு அணைந்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரம் கசிய, நேர்முனையில் உள்ள செம்பு நாள்தோறும் கரைந்து களிம்பாகிறது. களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். 12 வோல்ட் விளக்கு வரிசை 5 ஆம்பியர் இழுக்கும்போது முனையில் 0.2 ஓம் தடை ஏறினாலே ஒரு வோல்ட் அங்கேயே தொலைந்து, 5 வாட் சூடு அந்தச் சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் தேங்கும். பச்சை, சிவப்பு வழிகாட்டு விளக்குகள் மங்கிப்போன படகைக் கால்வாயில் எதிரே வருபவர் எப்படி அறிவார்?

காப்பதற்கு வழி இல்லாமல் இல்லை. நீர் புகாத ஐபி 67 வகைச் சுவிட்சுகளையும், வெள்ளீயம் பூசிய செம்பு வயரையும் கேட்டு வாங்க வேண்டும். வயரை மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறக்காமல், கீழே தொங்கவிட்டு வளைத்துக் கீழ்ப்பக்கத் துளை வழியாக ஏற்றினால், வயரில் வழியும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். முனைகளை இறுக்கிய பிறகு வெளிப்புறம் மட்டும் வாசலின் பூச வேண்டும். சுவிட்சின் உள்ளே சிலிக்கான் கிரீஸ் வைத்தால் தீப்பொறி பட்டு அது மணல்போன்ற பொருளாகி இணைப்பைக் கெடுக்கும். துளைகளை அடைக்கப் பலரும் வாங்கும் சிலிக்கான் பசையில் புளித்த காடி வாடை அடித்தால் அதைத் தொடவே கூடாது, ஏனெனில் அதிலிருந்து வெளியேறும் அசிட்டிக் அமிலமே செம்பை அரிக்கும். வாடையற்ற வகையும் கடைகளில் கிடைக்கிறது. உப்பு படிந்த முனையில் எண்ணெய் தடவுவது உப்பை உள்ளே பூட்டி வைப்பதாகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, முனையை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே பூச்சு. படகு கரையில் கட்டியிருக்கும் நாட்களில் மெயின் சுவிட்சை அணைத்து வைத்தால் கசிவும் நிற்கும், அரிப்பும் குறையும்.

பாம்பனில் 1914 இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் இரும்பை உப்புக்காற்றிடமிருந்து காக்க ரயில்வே நூறாண்டுக்கும் மேல் போராடியது. 2025 இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகும், துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் கடற்காற்றில் உலோகங்களை வைத்து அரிப்பை ஆராய்ந்து வந்திருக்கிறது. அந்த அறிவு பாலத்துக்குக் கிடைத்ததைப்போல, பத்து மைல் சுற்றளவில் இருக்கும் எங்கள் படகுகளுக்கும் கிடைக்க வேண்டும்.

தடைக்காலத்தில் மீன்வளத் துறையினர் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்யும்போது, பதிவுச் சான்று, இயந்திரத் திறன், உயிர்காப்புச் சாதனங்களோடு சுவிட்ச் போர்டு, வழிகாட்டு விளக்குகள், பேட்டரி இணைப்புகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். குறை கண்டால் அபராதம் போடாமல், தடை முடிவதற்குள் சரிசெய்து காட்டும்படி அவகாசம் கொடுக்கலாம். தொண்டி, பாம்பன், கீழக்கரை, மூக்கையூர் ஆகிய இடங்களில் படகு மின்பணியாளர்களுக்கு ஒருநாள் செய்முறைப் பயிற்சி நடத்தினால், என் அனுபவத்தை அங்கே வந்து சொல்லிக் கொடுக்க நான் கூலி எதிர்பார்க்காமல் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
படகு மின்பணியாளர் ஒருவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.