இகோகோரே சமைக்கப் போகிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஆப்பிரிக்கக் கடையில் வாங்கிய பெரிய வெள்ளைக் கிழங்கின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, ‘இன்றைக்கு இகோகோரே’ என்று எழுதியிருக்கிறாய், நைஜீரியாவின் அந்தக் கிழங்குக் குழம்பை. பொறு. அந்தக் கிழங்கு உரலில் இடித்து உருட்டித் தின்கிற இயானுக்குத்தான் சரி. இகோகோரேக்கு வேண்டியது நீர்ப்பிடிப்பான, துருவினால் கொழகொழவென்று வருகிற எவூரா. அதைத் தேடி அலையாதே. தமிழ்க் கடையில் கிடைக்கிற ராசவள்ளிக்கிழங்கும் எவூராவும் ஒரே இனம். ஆசியாவில் தோன்றி ஆப்பிரிக்காவுக்குப் போன கிழங்கு. உள்ளே வெள்ளையாக இருப்பதாகப் பார்த்து எடு. ஊதாவில் செய்தாலும் சாப்பிடலாம், ஆனால் சிவப்புப் பாமாயிலோடு சேர்ந்து சேற்று நிறமாகிவிடும்.

அப்புறம், அதை ‘அம்மாவின் சாப்பாடு’ என்று எழுதியிருந்தாய். அம்மா பிறகு ஊரில் சமைத்ததைத்தான் நீ அறிவாய், அதனால் அப்படித் தோன்றும். அது நைஜீரியாவில், இஜேபு ஓடே என்கிற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவின் கைப்பாகம். நாங்கள் அவரை ‘இயா’ என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அம்மா.

1970களின் கடைசியிலும் 1980களிலும் எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் கனபேர் நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போனார்கள். அப்பாவும் அப்படிப் போனவர்தான். முதலில் எல்லாம் வசதி. பிறகு எண்ணெய் விலை விழுந்தது, அரிசி இறக்குமதியைத் தடை செய்தார்கள், 1986இல் நைராவின் மதிப்பும் சரிந்தது. சம்பளத்தை ஊருக்கு அனுப்பி ஒன்றும் ஆகாது என்ற நிலை. ஆசையில் அல்ல, அரிசி விலைக்குப் பயந்துதான் அம்மா இயாவின் குசினிக்குள் போனார். இதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். வரட்டும்.

இயா பலகைக்கட்டையில் இருந்து, எனாமல் பேசினைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொள்வார். துருவி கடையில் வாங்கினதல்ல. ரின் தகடு ஒன்றில் ஆணியால் நெருக்கமாகக் குத்தி, குத்தின பக்கம் முள்ளாக நிற்கும். கிழங்கால் கை அரிக்காமல் இருக்க முதலில் பாமாயில் பூசிக்கொள்வார். கிழங்கைத் தகட்டில் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க மா போல அல்ல, பசை போல இறங்கும். உப்புப் போட்டுக் கையால் அடிப்பார். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கமாட்டார். ‘சீனியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கஞ்சி காய்ச்ச வேண்டிய கிழங்கை இந்த மனுசி மிளகாயில் போடுகிறாவே’ என்று அம்மா முதல் நாள் அப்பாவிடம் முறையிட்டார்.

குழம்பு லேசுதான். பாமாயில், வெங்காயம், தக்காளி, அத்தா ரோடோ என்கிற அந்தப் பொல்லாத குண்டு மிளகாய், அரைத்த காய்ந்த இறால், புகையில் வாட்டிய மீன். தங்களுக்கு மாட்டுத்தோலும் போடுவார்கள். எங்களுக்கு அது இல்லாமல் சின்னச் சட்டியில் தனியாக. நாங்கள் கேட்கவே இல்லை, அவராகவே செய்தார்.

குழம்பு நன்றாகக் கொதிக்கும்போது துருவலை விரல்நுனியால் கிள்ளிக் கிள்ளிப் போடு. அடுப்பைத் தணி. இனித்தான் முக்கியம்: மூடி வைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடம் அகப்பையைத் தொடாதே. உனக்குப் பொறுமை இல்லை என்பது ஊரறிந்த விசயம். முதலிலேயே கிண்டினால் கட்டிகள் கரைந்து கூழாகிவிடும். கட்டிகள் இறுகின பிறகு மெதுவாகப் பிரட்டினால் கொஞ்சம் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும், மிச்சம் கட்டியாகவே நிற்கும். அந்தப் பதம்தான் இகோகோரே.

ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள் இஜேபு ஓடேயில் ஓஜூடே ஓபா விழா, ஊர் அரசருக்கு மரியாதை செய்கிற நாள். குதிரைகள், ஒரே துணியில் தைத்த உடுப்புகளோடு வயதுக் குழுக்கள், அரண்மனை முன்னால் கூட்டம். அன்றைக்கு இயா வீட்டில் பெரிய சட்டி ஏறும். ஆனால் எனக்குப் பிடித்தது மறுநாள் ஆறிப்போனதுதான். எபா என்கிற மரவள்ளிக் களியையும் ஆறவிட்டு, அதோடு இதைச் சாப்பிடுவதில் இஜேபுக்காரருக்கு ஒரு பெருமையே உண்டு. அதனால் கொஞ்சம் கூடச் சமை. எபாவுக்கு மரவள்ளியில் செய்த காரி என்கிற மா வாங்கும்போது ‘இஜேபு காரி’ என்று கேள். அதன் புளிப்பு இல்லாவிட்டால் பாமாயில் திகட்டும்.

அன்புடன்,
அக்கா