கல்லுக்கிடங்கு திருத்தப் பணி: நிறைவு அறிக்கை

அன்பான அங்கத்தவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து கைகொடுத்த உறவுகளுக்கும்,

ஊரின் வடக்கெல்லையில் இருக்கும் கல்லுக்கிடங்கை, அதாவது கல் உடைத்தெடுத்த பள்ளத்தை, திருத்தும் வேலை முடிந்துவிட்டது. வேலி, நடைபாதை, பறவை பார்க்கும் ஓலை மறைப்பு, மரநடுகை எல்லாம் ஒப்பேறிவிட்டன. வரவு செலவுக் கணக்கை வாசிகசாலைப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் கேட்டுப் பார்க்கலாம். இங்கே காசுக் கணக்கைவிட, கிடங்கை ஏன் மூடாமல் விட்டோம் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தில் "மண்ணைக் கொட்டி மூடி, பிள்ளைகளுக்கு மைதானம் போடுங்கோ" என்று கேட்டவர்கள் உங்களில் பலர். அவர்களுக்குச் சரியான பதில் தரக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் எடுத்த பெரிய கிடங்குகளோடு நம்முடையதைக் குழப்ப வேண்டாம். அந்தத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கி 1990 இல் போரால் நின்றது. நம்முடையது சுண்ணாம்புச் சூளைக்குக் கல் உடைத்த சின்னக் கிடங்கு. இடப்பெயர்வோடு சூளை அணைந்தது. காணி விடுபட்டு, கண்ணிவெடி அகற்றிய பின் நாம் திரும்பி வந்து பார்த்தபோது நாயுண்ணிப் பற்றைதான் நின்றது. அதன் பிறகு அதைக் குப்பைமேடாக்கியது வேறு யாருமில்லை, நாம்தான். கோழிக் கழிவு, பம்பர்ஸ், பழைய பற்றரி, கலியாண வீட்டுப் பொலித்தீன் என்று வண்டி வண்டியாக இறங்கியது.

கிடங்கின் அடியில் தெரிவது மழை வெள்ளம் மட்டுமல்ல, நம் கிணற்று நீரும் அதுதான். யாழ் குடாநாட்டின் வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்துமாக இருப்பதால் மாரி மழை நேரே உள்ளே இறங்கி, கீழே உள்ள உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் நாம் அள்ளுவது இந்த நீரைத்தான். வேறு இடத்தில் மண் வடிகட்டித் தருவதை இந்தக் கல் செய்யாது. மேலே ஊற்றியது கீழே போய்விடும். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது 2014, 2015 இல் குடாநாட்டையே உலுக்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மண்ணையும் கட்டட உடைசலையும் நூறு லோட் கொண்டுவந்து இந்த நீருக்குள் கொட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே கிடங்கு திறந்தபடியே இருக்கட்டும், குப்பை மட்டும் வெளியேறட்டும் என்று முடிவெடுத்தோம்.

குப்பை அள்ளியது சிரமதானத்தில். மேலே மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் உதவியது, அடியில் கையால்தான் அள்ள முடிந்தது. கடகத்தில் சுமந்து ஏற்றினோம். பொலித்தீன் அடுக்கடுக்காகப் படிந்து பாய்போல் இறுகிப் போயிருந்தது, அலவாங்கால் நெம்பித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. அதற்குக் கீழே வெள்ளைக் கல் தெரிந்த அன்று, சூளையில் வேலை செய்த அப்பு ஒருவர் கிட்ட வந்து கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்லில் அலவாங்குத் தடம் அப்படியே இருந்தது.

முதலாவது மாரியில் வைத்த கன்றுகள் பெரும்பாலும் பட்டுப் போயின. இதில் பிழை குழுவினுடையது. கல் பொடிக்கும் சூளைச் சாம்பலுக்கும் நடுவே சும்மா குழி தோண்டி வைத்துவிட்டோம். இளம் இலை வெளிறி மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது என்று விவசாயப் போதனாசிரியர் விளங்கப்படுத்தினார். அப்புறம் பங்குனி வெயில் மிச்சத்தையும் முடித்தது.

அந்தச் சமயத்தில் குழுவிலுள்ள ஆசிரியை ஒருவர் கென்யாவின் மொம்பாசாக் கதையை வாசித்துச் சொன்னார். பம்புரிச் சீமெந்துக்காகக் கல் எடுத்து வெறும் பாறையாகக் கிடந்த நிலத்தில் 1971 இல் ரெனே ஹாலர் என்பவர் 26 வகை மரம் வைத்துப் பார்த்திருக்கிறார், பிழைத்தது மூன்று. அதில் முக்கியமானது சவுக்கு. விழுந்த சவுக்கிலை உக்காமல் கிடக்க, மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை தின்று கழித்ததில் மண் உண்டானது, பிறகு மற்ற மரங்கள், விலங்குகள். இன்று சனம் காசு கொடுத்துப் பார்க்கப் போகிற வனம் அது. முதலில் மண், பிறகுதான் மரம் என்று எங்களுக்கு அதில் உறைத்தது.

மண் உண்டாக்க நாங்கள் மரவட்டையைத் தேடிப் போகவில்லை. ஓலை தாழ்ப்பது நம் தோட்டக்காரருக்குக் கைவந்த வேலை. அகலக் குழி எடுத்து, பனையோலையும் பூவரசங்குழையும் சீமைக்கிளுவைக் குழையும் அடுக்கி, மாட்டெரு போட்டு, ஒரு கோடை முழுக்க உக்க விட்டோம். அடுத்த மாரியில் நட்ட வேம்பு, நாவல், விளா, இலுப்பை, நீரோரத்து மருது எல்லாம் கருகரு என்று நிற்கின்றன. வேலி கிளுவங்கதியால். அதுவும் துளிர்த்துவிட்டது.

ஒரு சறுக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடைபாதைக்கு என்று வாங்கிய மண்ணோடு பார்த்தீனியம் என்ற களையும் வந்து சேர்ந்துவிட்டது. மழை விழ, பாதையோரம் முழுக்க முளைத்தது. பூக்க முன்னம் வேரோடு பிடுங்கினோம், இன்னும் பிடுங்குகிறோம். இனி வெளிமண் ஒரு கடகமும் உள்ளே வராது.

கிழக்குச் சுவரைச் சரித்துப் படிகட்டுவதாகத் திட்டம் இருந்தது. மேலே ஓராள் உயரச் செம்மண், கீழே கல். அளக்கப் போன அன்று அந்தச் செம்மண்ணில் வரிசையாகத் துளைகளைக் கண்டோம். வாயில் தும்பியோடு ஒரு பச்சைப் பஞ்சுருட்டான் குருவி வந்து கம்பியில் குந்தி, தும்பியை இரண்டு தரம் அடித்து, துளைக்குள் போய் வெறும் வாயோடு திரும்பியது. உள்ளே குஞ்சு. அன்றே படித் திட்டத்தைக் கைவிட்டோம். படிக்கு ஒதுக்கிய பணம் வேலிக்குப் போனது, கணக்கில் அப்படியே காட்டியிருக்கிறோம். நீரில் இப்போது முக்குளிப்பான் சோடி இருக்கிறது, மீன்கொத்தி நாள் தவறாமல் வருகிறது, உடும்பும் கீரியும் பழையபடி உரிமையோடு திரிகின்றன.

நுளம்பு பற்றிப் பல அம்மாமார் கேட்டார்கள். நியாயமான பயம். டெங்கு நுளம்பு பெருகுவது சிரட்டை, ரயர், தயிர்ச்சட்டி போன்றவற்றில் தேங்கும் நீரில்தான். அவற்றையெல்லாம் கிடங்கிலிருந்து அள்ளிவிட்டோம். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அதைக் காப்பாற்றும் பொறுப்பு நமக்கும் உண்டு. அதனால் ஊர்க் குளத்துச் சின்ன மீன்களை நீரில் விட்டிருக்கிறோம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்த்துப் போகிறார். யாரும் திலாப்பியா கொண்டுவந்து விட வேண்டாம்.

வாசல் காலையும் பின்னேரமும் திறக்கும். திறப்பு (சாவி) வாசிகசாலையில் இருக்கும். கிடங்கு ஆழம், விளிம்பு வழுக்கும். பிள்ளைகள் பெரியவர்களோடு மட்டும் வரட்டும், மேற்குப் பக்கத்து மறைப்பிலிருந்து பார்க்கட்டும். குளிப்பதும் சவர்க்காரம் போடுவதும் வேண்டாம். பங்குனியிலிருந்து ஆனி வரை பஞ்சுருட்டானுக்காகக் கிழக்குச் சுவர்ப் பக்கம் கயிறு கட்டியிருக்கும், அந்த மாதங்களில் குழு அங்கத்தவரும் அந்தப் பக்கம் போவதில்லை. பார்த்தீனியம் பிடுங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 6 மணிக்கு ஆள் தேவை. கையுறை நாங்கள் தருவோம்.

இப்படிக்கு,
கல்லுக்கிடங்கு திருத்தப் பணிக் குழு